வலது இருக்கை

ஜூன் 15, சனி

பதிவுத் தபாலில் வரைவு அறிக்கை வந்தது. மதினி இட்லிக்கு அரைத்துக்கொண்டிருந்தார். கிரைண்டர் சத்தத்தில் தபால்காரர் சொன்னது காதில் விழவில்லை. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

சமையலறையில் நின்றபடியே படித்தேன். செம்பூரணி பயிற்சிப் பள்ளியின் செஸ்னா 152, இரண்டு பேர் மட்டும் உட்காரும், இருவர் முன்னாலும் கைப்பிடி உள்ள சிறிய விமானம். ஓடுதளத்தை விட்டு ஏறி ஐந்நூற்றைம்பது அடி உயரத்தில் எஞ்சின் நின்றது. விமானம் இடப்பக்கம் திரும்பி ஓடுதளத்துக்கே வர முயன்றது. திருப்பத்தின் நடுவில் இறக்கைகள் காற்றின் பிடியை இழந்தன. விழுந்தது. கடைசிப் பக்கத்தில் காரணம்: "முன்னால் இறங்குவதற்குத் திறந்த தரிசு நிலம் இருந்தும் திரும்ப முயன்றது பயிற்சியாளரின் தவறான முடிவு."

பயிற்சியாளர் என் கணவர் ரவீந்திரன். மாணவி ஜெனிதா, சாத்தூர்ப் பெண், இருபது வயது. போன ஆகஸ்டில் இருவரும் அந்த இடத்திலேயே போய்விட்டார்கள்.

ஆட்சேபம் இருந்தால் அறுபது நாளுக்குள் தெரிவிக்கலாம் என்று உடன் வந்த கடிதம் சொல்கிறது. அதன் பிறகு அறிக்கை இறுதியாகும். எல்லோரும் படிக்கும்படி வெளியிடுவார்கள்.

"என்னவாம்?" என்றார் மதினி.

"தப்பு அவர் மேலதான்னு எழுதியிருக்காங்க."

மதினி கிரைண்டரை நிறுத்தினார். அவருக்கு என் கணவர் ஒரே தம்பி. காரியத்துக்கு வந்தவர் திண்டுக்கல்லுக்குத் திரும்பிப் போகவே இல்லை. "எழுதினவன் ஒரு நாளாவது மேல ஏறிப் பாத்திருப்பானா?" என்றார். பிறகு மறுபடி போட்டுவிட்டார்.

புதிதாகச் சேரும் ஒவ்வொரு மாணவரிடமும் முதல் நாள் அவர் சொல்வது ஒன்றுதான். எஞ்சின் நின்றால் மூக்குக்கு நேரே இறங்கு, ஓடுதளத்தைத் திரும்பிப் பார்க்காதே. சாப்பிடும்போது என்னிடமே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். அவரா திருப்பியிருப்பார்?

ஜூன் 17, திங்கள்

கல்லூரிக்குப் போனேன். நூலகத்துக்கு வந்த புதுப் புத்தகங்களுக்கு எண் போட்டேன். யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஜூன் 21, வெள்ளி

அந்த உயரத்திலிருந்து ஒரு 152 திரும்பி வர முடியுமா, முடியாதா? இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தால் போதும். முடியும் என்றால் அது தவறான முடிவு அல்ல, கைகூடாமல் போன முடிவு. இரண்டுக்கும் நடுவில் ஒரு மனிதனின் பெயர் இருக்கிறது.

இணையத்தில் இதையே பல வருடங்களாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். முடியாது என்று ஒருவர் எழுதினால், நான் செய்திருக்கிறேன் என்று அடுத்தவர் எழுதுகிறார். கடைசியில் யாராவது, வீட்டில் ஒரு சிமுலேட்டரை வாங்கிப் போட்டுப் பாருங்கள் என்று முடிக்கிறார். அதைக் குறித்து வைத்துக்கொண்டேன்.

வீட்டுக் கணினியில் பறக்க முக்கியமாக இரண்டு இருக்கின்றன. ஒன்றின் சின்னம் பச்சை, மற்றதன் சின்னம் நீலம். இங்கே அப்படியே எழுதிக்கொள்கிறேன். பச்சையில் பூமி அப்படியே தெரியும். செயற்கைக்கோள் படத்தை இணையம் வழியாக இழுத்துக் கண்முன் விரிக்கும். நீலத்தில் ஊரும் வயலும் பொம்மை மாதிரி, ஆனால் இறக்கையைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றின் மேலும் காற்று எப்படி மோதுகிறது என்று கணக்குப் போடுகிறதாம். நீலக்காரர்கள் பச்சையைச் சுற்றுலாப் படம் என்கிறார்கள். பச்சைக்காரர்கள் நீலத்தை, பார்க்க ஒன்றுமில்லாத கல்குவாரி என்கிறார்கள்.

இரண்டு அகராதிகளில் எதை வாங்கலாம் என்று நிர்வாகத்துக்குக் குறிப்பு எழுதித் தருவது என் வேலை. எதில் என்ன இருக்கிறது, எதை நம்பலாம் என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியும். இதிலும் தெரிந்துவிடும்.

ஜூன் 29, சனி

இரண்டையும் வாங்கிவிட்டேன். அவருடைய பழைய கணினி தாங்காது என்றார்கள், அதனால் புதிய கணினி. விமானத்தின் கைப்பிடிச் சக்கரம், காலுக்குப் பெடல்கள், வேகக் கம்பி. எல்லாவற்றையும் சாப்பாட்டு மேசையில் இறுக்கியாயிற்று. வேறு மேசை இதைத் தாங்காது.

மதினி சுற்றிவந்து பார்த்தார். "சோறு திங்கிற எடத்துல ஸ்டியரிங்க மாட்டிட்ட. இனி தட்டை எங்க வைக்க, ரெக்கையிலயா?"

"கொஞ்ச நாளைக்குத்தான் மதினி."

"அவனும் இதையேதான் சொன்னான். கொஞ்ச நாளைக்குத்தான்க்கா, அப்புறம் ஏர்லைன்ஸ்ல போயிருவேன்னு."

இரவுச் சாப்பாட்டை இருவரும் மடியில் வைத்துச் சாப்பிட்டோம்.

ஜூலை 4, வியாழன்

ஓடுதளத்தில் விமானத்தை நேராக ஓட்டவே வரவில்லை. காலால் திருப்ப வேண்டும், கையால் அல்ல. கல்லூரியிலிருந்து வந்ததும் உட்கார்ந்தால் மதினி விளக்கைப் போடும்வரை எழுந்திருப்பதில்லை. இதையெல்லாம் என் கணவர் எனக்குச் சொல்லிக்கொடுக்க விரும்பியதுண்டு. எனக்கு உயரம் என்றால் பயம், வேண்டாம் என்றுவிட்டேன். இப்போது ஏதோ ஊரில் யாரோ பதிந்துவைத்த வீடியோவைப் பார்த்துப் படிக்கிறேன். அந்த ஆள் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் சிரிக்கிறார்.

ஜூலை 8, திங்கள்

மதினிக்குக் கண் பரிசோதனை. சொட்டு மருந்து மூன்று வேளை. பால்காரரிடம் நாளையிலிருந்து அரை லிட்டர் போதும் என்று சொன்னேன். போன வருடமே சொல்லியிருக்க வேண்டியது.

ஜூலை 12, வெள்ளி

இன்று திரும்பி வந்தேன்.

பச்சையில். செம்பூரணி ஓடுதளம் அதில் இருக்கிறது, வெடிப்பு விட்ட பழைய சிமென்ட், வடக்கு முனையில் கருவேலங்காடு, எல்லாம் உள்ளபடியே. ஐந்நூற்றைம்பது அடியில் எஞ்சினை நிறுத்தும்படி முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். நின்றது. உடனே மூக்கைத் தாழ்த்தி, இடப்பக்கம் சாய்த்து, சாய்வைக் கூட்டி, இறக்கை பிடியை இழக்கப்போகிறது என்ற எச்சரிக்கை ஊதல் அலறத் தொடங்கும்போது கொஞ்சம் விட்டுக்கொடுத்து, மறுபடி பிடித்து, ஓடுதளத்தின் ஓரப் புல்லில் உருண்டு நின்றேன்.

மதினியைக் கூப்பிட்டேன். மறுபடி செய்து காட்டினேன். அந்த முறையும் வந்தது.

ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே பார்த்தார். "அப்ப வந்திருக்கலாம்."

"வந்திருக்கலாம் மதினி."

"பெறகு ஏன் வரல?"

இட்லிச் சட்டியில் தண்ணீர் வற்றிவிட்டது என்று சொல்லி எழுந்து போனேன்.

ஜூலை 14, ஞாயிறு

நீலத்தில் வரவில்லை. காலையிலிருந்து விழுந்துகொண்டே இருக்கிறேன். திருப்பத்தின் பாதியில் ஊதல், பிறகு ஒரு பக்க இறக்கை நழுவி, பொம்மை வயல் சுழன்றபடி கண்ணாடிக்கு வருகிறது. திரை ஒரு கணம் நின்றுவிட்டு, மறுபடி தொடங்கவா என்று கேட்கிறது. கேட்கும் விதம் மரியாதையாகத்தான் இருக்கிறது.

அறிக்கையில் எழுதியிருப்பது போலவே விழுகிறது. அதே பக்கம்.

நீலம் பொதுவான கணக்குத்தானே போடுகிறது. இந்த விமானம், இந்த ஓடுதளம், இந்தக் காற்று என்று அதற்கு என்ன தெரியும்? பச்சைக்குக் கருவேலங்காடு வரை தெரிந்திருக்கிறது. எதை நம்புவது என்று நூலகத்தில் யாராவது கேட்டால், இடத்தை நேரில் பார்த்தவன் எழுதியதை நம்பு என்றுதான் சொல்வேன்.

ஆனாலும் நீலத்திலும் வந்துவிட்டால் யாரும் மறுக்க முடியாது.

ஜூலை 21, ஞாயிறு

நீலத்துக்கென்று தனியாக விற்கும் 152 ஒன்றை வாங்கினேன். விமானத்தை மட்டும் செய்து விற்பவர்கள் இருக்கிறார்கள். ஒருவருடையதில் உள்ளே இருக்கையின் கிழிசல்கூடத் தெரிகிறது, பறப்பது சுமார். இன்னொருவருடையது பார்க்க மொட்டையாக இருக்கிறது, பறப்பது அசல் என்று விமானிகளே எழுதியிருக்கிறார்கள். மொட்டையை வாங்கினேன். தென்தமிழகத்தின் நிலப்படம் ஒன்றையும் மேலே போர்த்தினேன்.

அன்றைக்குக் காற்று அமைதி என்கிறது அறிக்கை. அமைதி என்றால் துளிகூட இல்லை என்றாகிவிடுமா? ஆகஸ்டில், செம்பூரணியில்? ஓரளவு காற்று வைத்தேன். எதிரே வரும் காற்று ஏறும்போது தூக்கிவிடும், திரும்பும்போது பின்னாலிருந்து தள்ளிவிடும்.

மாலையில் வந்தது. நீலத்திலும்.

ஆட்சேப மனுவை எழுதத் தொடங்கிவிட்டேன். நல்ல ஆங்கிலத்தில், உணர்ச்சி இல்லாமல். இதே உயரம், இதே விமானம், இரண்டு வேறு மென்பொருள்கள், இரண்டிலும் திரும்புவது சாத்தியம். வேண்டிய படங்களையும் எடுத்து வைத்திருக்கிறேன்.

எல்லாத் திசைச் சாய்வையும் பார்த்துவிட்டேன். இடமாகத் திரும்பி, வலமாகத் திரும்பி, சாய்வைக் கூட்டி, குறைத்து. நேரே இருக்கும் தரிசில் இறங்கிப் பார்க்கவில்லை. அது மனுவுக்குத் தேவை இல்லை.

ஜூலை 22, திங்கள்

கல்லூரி முதல்வர் கூப்பிட்டார். மூன்று வெள்ளிக்கிழமைகளாக மதியம் நான் இருக்கையில் இல்லையாம். தண்ணீர் குடியுங்கள் என்றார், டம்ளரை நகர்த்திவைத்தார். குடித்தேன்.

ஜூலை 25, வியாழன்

கேப்டன் சுந்தரேசன் போனில் பேசினார். என் கணவரோடு அதே பள்ளியில் ஒன்பது வருடம் கற்பித்தவர். மனுவை அவருக்கு அனுப்பியிருந்தேன்.

"சிஸ்டர், தப்பா எடுத்துக்காதீங்க. கம்ப்யூட்டர் கேமை வச்சு எழுதினா ரெண்டாம் பக்கம் புரட்ட மாட்டாங்க."

"கேம் இல்ல கேப்டன்."

"சரி, இல்ல. ஆனா நான் சொல்றதைக் கேளுங்க. ரன்வேக்குத் திரும்பாதன்னு ரவி தலபாடமா சொல்றவன். அவன் திருப்பியிருப்பான்னு எங்க யாருக்கும் நம்பிக்கை இல்ல. அந்தப் புள்ள பயந்து திருப்பியிருக்கும். இவன் கை வைக்கிறதுக்குள்ள முடிஞ்சிருக்கும். அப்படி எழுதுங்க. நாங்க நாலு இன்ஸ்ட்ரக்டர் கையெழுத்துப் போடறோம். எடுபடும்."

"அது நமக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. அவங்களுக்கும் தெரியாது. கண்ட்ரோல் யார் கையில இருந்துச்சுன்னு அறிக்கையிலயே இல்ல. அந்த ஓட்டையிலதான் சிஸ்டர் நாம நுழையணும்." பிறகு சேர்த்துக்கொண்டார்: "அவன் எப்பவும் லேட்டாத்தான் கை வைப்பான். நானே சண்டை போட்டிருக்கேன்."

எனக்கும் அது தெரியும். ரிங் ரோட்டில் எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டுதான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். ஒருமுறை நேரே ஒரு டேங்கர் வந்தது. நான் கத்தினேன். "நீதான் ஓட்டுற," என்றார், மடியிலிருந்து கையை எடுக்காமல். கடைசியில் நான்தான் ஒடித்துத் தப்பித்தேன். வீட்டுக்கு வரும்வரை அவரோடு பேசவில்லை. "நான் பிடிச்சா உனக்கு வராது, வாசுகி," என்றார்.

சுந்தரேசன் சொன்னபடி எழுதினால் ஒரே பத்திதான். என்னுடைய மனுவைவிட எளிது.

ஜூலை 27, சனி

அந்த ஒரு பத்தியை எழுதிப் பார்த்தேன். அனுப்புவதற்காக அல்ல. எப்படி இருக்கும் என்று பார்க்க.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஜெனிதாவின் அம்மா வந்தார். பெயர் ரோசாலி. சாத்தூரில் பேக்கரி வைத்திருக்கிறார். அடக்கத்தன்று ஒருமுறை பார்த்தது, அப்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அவருக்கும் அறிக்கையின் நகல் போயிருக்கிறது. யாரிடமோ என் முகவரி வாங்கி, பஸ் ஏறி வந்திருக்கிறார். ஒரு பெட்டி நிறைய தேங்காய் பன். என்னைவிட இரண்டு மூன்று வயது குறைவாக இருக்கலாம்.

மதினி காபி கொடுத்தார். மூவரும் உட்கார்ந்திருந்தோம். பேச்சு மழை பற்றி, பஸ் பற்றி.

"இதுலதான் ஓட்டிப் பாக்குறீங்களாக்கா?" என்று மேசையைக் காட்டிக் கேட்டார். யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. சுந்தரேசனாக இருக்கும்.

"ஆமா."

"எனக்குக் காட்டுவீங்களா? அவ எத்தனையோ தடவ கூப்பிட்டா, ஒரு நாள் வந்து பாரும்மான்னு. கடைய விட்டுட்டுப் போக முடியல."

பச்சையைத் திறந்தேன், அதில்தான் ஊர் உள்ளபடி தெரியும். கருவேலங்காட்டைக் காட்டினேன். ஏறினேன். எஞ்சின் நின்றதும் அவர் கை என் தோளில் வந்து விழுந்தது, எடுக்கவில்லை. திரும்பினேன். புல்லில் உருண்டு நின்றோம்.

நான் செய்திருக்க வேண்டியது அத்தோடு நிறுத்துவது. பெருமையில் வெளியிலிருந்து பார்க்கும் கோணத்துக்கு மாற்றினேன். புல்வெளியில் வெள்ளை விமானம், வெயில், கண்ணாடிக்குப் பின்னால் ஒரு தலை.

ரோசாலி குனிந்து பார்த்தார். "இந்தப் பக்கம் உக்காந்திருக்கிறது யாருக்கா?"

"இடது பக்கம் மாணவருக்கு. உங்க ஜெனிதா உக்காந்த சீட்."

"அப்ப சார் எங்க?"

வலது இருக்கை காலி. இத்தனை நாளும் உள்ளிருந்தே ஓட்டினேன், கண் ஓடுதளத்தில் இருந்தது, வலப்பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை. எடை விவரம் போடும் பக்கம் ஒன்று இருக்கிறது. அங்கே போய்ப் பார்த்தேன். ஓட்டுநர் ஒருவர். அடுத்த கட்டத்தில் பூஜ்யம். நீலத்தையும் திறந்தேன். அதிலும் பூஜ்யம்.

"பொம்மை போடலையா இருக்கும்," என்றார் ரோசாலி, என் முகத்தைப் பார்த்துவிட்டு.

"ஆமா. பொம்மைதான்."

போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். "அவ திரும்பி வந்துட்டான்னு பாத்ததே போதும்க்கா எனக்கு."

ஆகஸ்ட் 5, திங்கள்

அவருடைய எடை தொண்ணூற்றிரண்டு கிலோ. மருத்துவச் சான்றிதழில் இருக்கிறது. கட்டத்தில் அதைப் போட்டேன்.

விமானம் மெதுவாக ஏறுகிறது. ஐந்நூற்றைம்பது அடியை எட்டும்போது ஓடுதளம் வெகுதூரம் பின்னால் போய்விட்டது. திருப்பத்தில் ஊதல் முன்பைவிடச் சீக்கிரம் அலறுகிறது.

பச்சையில் விழுகிறது. நீலத்தில் விழுகிறது. காற்று வைத்தாலும் விழுகிறது. இரண்டும் ஒரே இடத்தில்.

மனுவில் நான் எழுதியது எதுவும் பொய் இல்லை. திரும்பி வந்தது உண்மை. அவர் அதில் இல்லை.

ஆகஸ்ட் 7, புதன்

கல்லூரிக்குப் போகவில்லை.

ரோசாலி போன் செய்தார். கடையில் இருந்தார் போல, பின்னால் யாரோ அரை கிலோ கேக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். நேராப் போயிருந்தா?"

"என்ன?"

"திரும்பாம நேரா. அதுல எழுதியிருக்காங்கள்ல, முன்னால நெலம் இருந்துச்சுன்னு. நேராப் போயிருந்தா என்ன ஆயிருக்கும்? அதையும் ஓட்டிப் பாத்திருப்பீங்கள்ல."

"பார்க்கல."

"ஓ," என்றார். கேக்குக்கு என்ன எழுதணும் என்று யாரிடமோ கேட்டார். பிறகு, "பாத்தாச் சொல்லுங்க," என்றார்.

மதியம் செய்தேன். இருவர் எடையும் வைத்து, காற்றை அறிக்கையில் உள்ளபடி அமைதியாக வைத்து. எஞ்சின் நின்றது. மூக்கைத் தாழ்த்தினேன். வேறு எதுவும் செய்யவில்லை. எதற்கும் அவசரமே இல்லை. தரிசு நிலம் அகலமாக, பழுப்பாக, தானாகவே எழுந்து வந்தது. ஒரு குலுக்கல், இன்னொரு குலுக்கல், நின்றுவிட்டது. முதல் தடவையே. ஒரு மாதம் முன்பு நேராக ஓட்டத் தெரியாமல் இருந்தவள் நான்.

நீலத்திலும் செய்தேன். அதே.

அவர் சொல்லிச் சொல்லிக் கொடுத்தது அவ்வளவுதான். அதற்குமேல் ஒன்றுமே தேவைப்பட்டிருக்கவில்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

மதினி சொட்டு மருந்து விட்டுக்கொள்ளும்போது கை பிசகிக் கன்னத்தில் வழிந்தது. நான் விட்டுவிட்டேன். "மனுவ அனுப்பிட்டியா?" என்றார் கண்ணை மூடியபடி. இன்னும் இல்லை என்றேன். "சுந்தரேசன் சொன்ன மாதிரியே எழுதிரு. செத்த புள்ளைக்கு இனி என்ன வரப்போகுது? இவனுக்குப் பேராவது மிஞ்சும்."

இவனும் செத்தவன்தானே என்று சொல்ல வாய் வரவில்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

ரோசாலி மறுபடி வந்தார். இந்த முறை எதுவும் கொண்டுவரவில்லை. உட்காரச் சொன்னேன், நின்றுகொண்டே பேசினார்.

"நேரா ஓட்டிப் பாத்தீங்களா?"

"பார்த்தேன்."

"எறங்குச்சா?"

"இறங்குச்சு."

தலையை ஆட்டினார். எதிர்பார்த்துதான் வந்திருக்கிறார். "அப்ப திருப்பினதுதான். அக்கா, நான் ஒரு வருசமா ஒண்ணே ஒண்ணத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன். யார்கிட்டயும் கேக்க முடியல. பாதர்கிட்ட கேட்டேன், ஜெபம் பண்ணும்மாங்கிறார். என் வீட்டுக்காரர்கிட்ட கேட்டா எந்திரிச்சு வெளிய போயிடறாரு. திருப்பினது யாரு? எம்புள்ளையா?"

நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டேன்.

"அவ சின்னதுலருந்தே அப்படி. ஸ்கூல் பஸ்ல ஏறினதும் திரும்பி என்னத்தான் பாப்பா. பயந்தா வீட்டுக்கு ஓடியாந்துருவா. நான் பெத்தது எனக்குத் தெரியாதா? அவ திருப்பித்தான் சாரையும் சேத்துக் கொன்னுட்டாளோன்னு..." புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். "நைட்டு கேக் அடுப்பு முன்னாடி நிக்கும்போதெல்லாம் அதான். உங்க முகத்த எப்படிப் பாக்குறதுன்னுதான் இத்தன நாள் வரல."

சாப்பாட்டு மேசையின் இழுப்பறையில், சுந்தரேசன் சொன்ன ஒரே பத்தி இருந்தது. ரோசாலி இப்போது கேட்ட அதே வார்த்தைகள், ஆங்கிலத்தில்.

"உங்க பொண்ணு இல்ல," என்றேன். "அவர்தான் திருப்பினார்."

"எப்படிச் சொல்றீங்க?"

"அவர் எப்பவும் அப்படித்தான். ஏதாவது ஒண்ணுன்னா உடனே கையிலருந்து பிடுங்கிருவார். எனக்கு கார் ஓட்டக் கத்துக்கொடுத்தப்பவும் அப்படித்தான். ஒரு தடவகூட விட்டதில்ல."

சொல்வது சுலபமாக இருந்தது. நேரே இறங்குவது போல.

ரோசாலி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அழுதார். அழுது முடித்துவிட்டு முகத்தைத் துடைத்தபோது அது வேறு முகமாக இருந்தது. "அப்ப அந்த ஆளுதான்," என்றார். "எம்புள்ள நேராப் போயிருப்பா. சொல்லிக்கொடுத்தபடி போயிருப்பா. அந்த ஆளு பிடுங்கி..." நிறுத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"சொல்லுங்க," என்றேன்.

சொன்னார். வெகு நேரம் சொன்னார். சார் என்ற வார்த்தை அதில் ஒரு இடத்திலும் வரவில்லை. எதையும் இங்கே எழுதப்போவதில்லை. கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் என் கையைப் பிடித்து, "நீங்க நல்லா இருக்கணும்க்கா," என்று சொல்லிவிட்டுப் போனார். தெருவில் நடக்கும்போது தோள் நிமிர்ந்திருந்தது.

திரும்பினால் சமையலறை வாசலில் மதினி நின்றிருந்தார்.

"எப்ப பிடுங்கினான் அவன்?" என்றார். "அஞ்சு வயசுல அவன் கையிலருந்த மிட்டாயப் பிடுங்கினாக்கூட சும்மா நிப்பான். எதை எப்ப யார்கிட்டருந்து பிடுங்கினான்?"

"மதினி..."

"அவனைத் திட்டவிட்டு வேடிக்கை பாத்துக்கிட்டிருக்க. ஊரான் எழுதினான், சரி, அவனுக்குத் தெரியாது. உனக்குமா தெரியாது?"

"அந்தம்மா இனி உசுரோட இருக்கணுமே மதினி."

"நான் இருக்க வேணாமா?"



ஆகஸ்ட் 12, திங்கள்

மதினி திண்டுக்கல்லுக்குப் போய்விட்டார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ வரை போனேன். கண் மருந்தை மறந்துவிட்டார் என்று ஓடிப்போய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். முகத்தைப் பார்க்கவில்லை.

இந்த வீட்டில் அவரை ரவி என்று கூப்பிட்டுப் பேசிய ஒரே குரல் அது. நான் ஒருநாளும் பெயர் சொன்னதில்லை.

ஆகஸ்ட் 14, புதன்

கடைசி நாள். சுந்தரேசன் காலையிலேயே பேசினார். "அனுப்பிட்டீங்களா?"

"இல்ல."

"மெயில்லகூட அனுப்பலாம் சிஸ்டர். அஞ்சு மணி வரைக்கும் டைம் இருக்கு."

"ஆட்சேபம் எதுவும் இல்ல, கேப்டன்."

"அப்ப அவன் பேரு அப்படியே போகட்டுமா?"

போனை வைத்துவிட்டேன். என் பழைய மனுவையும் அந்த ஒரு பத்தியையும் அழித்தேன்.

கல்லூரிக்குக் கிளம்பும் முன் பச்சையைத் திறந்தேன். இடது இருக்கைக்கு ஒரு எடை, வலது இருக்கைக்கு ஒரு எடை. ஏறினேன். எஞ்சின் நின்றது. நேரே போனேன். தரிசில் குலுங்கி நின்றதும் பிரேக்கைப் போட்டுவிட்டு, வெளியிலிருந்து பார்க்கும் கோணத்துக்கு மாற்றினேன். இப்போது இரண்டு தலைகள். அணைக்க மனம் வரவில்லை. அப்படியே விட்டுவிட்டுப் போனேன்.

நூலகத்தில் கூட்டம். முதலாண்டு மாணவிகளுக்கு அடையாள அட்டை கொடுக்கும் நாள். ஒரு பெண் புகைப்படத்தில் தன் முகம் நன்றாக இல்லை என்று சண்டை போட்டாள். மாற்றிக் கொடுத்தேன்.

மாலையில் வந்து பார்த்தால் அங்கேயும் மாலையாகியிருந்தது. பச்சை அப்படித்தான், நம் ஊர் நேரத்தோடு சேர்ந்தே ஓடும். விமானத்தின் நிழல் தரிசில் நீண்டு கிடந்தது. ஒரு கீறல் இல்லை. இருவரும் நேரே முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

கதவைத் திறக்க ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினேன். இரண்டு பக்கக் கதவும் திறந்தன. விளக்குப் போடாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

யாரும் இறங்கவில்லை.